உட்காரும் அப்பா

இளவரசர் எழுந்திருக்கவில்லை. அதனால் நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை.

கல்யாண விருந்து முடிந்து எவ்வளவோ நேரமாகிவிட்டது. வெள்ளரி ஊறுகாய் தீர்ந்து, மீன் தீர்ந்து, சமோவாரில் வெந்நீர் ஆறிப்போய், கடைசியில் பேச்சும் தீர்ந்துவிட்டது. மணப்பெண் கொட்டாவியைக் கையுறைக்குள் மறைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒரு காலத்தில் பீரங்கிப் படை மேஜர், இப்போது கார் ஃபாக்டரியில் போல்ட் முடுக்குகிறவர். மறுநாள் விடிகாலை ஷிஃப்டுக்குப் போக வேண்டியவர். ஆனால் மனுஷன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் மரியாதைக் குறைவு. ருஷ்ய ஜார் குடும்பத்து ஆள் ஒருவர் சபையில் உட்கார்ந்திருந்தால் அவர் எழுந்த பிறகுதான் மற்றவர்கள் எழ வேண்டும். ஜார் போய்விட்டார், நாடு போய்விட்டது, நாங்கள் பாரிஸில் வாடகை அறைகளில் ஒண்டிக் கிடக்கிறோம். இந்த வழக்கம் மட்டும் எங்களோடு கப்பலேறி வந்து சேர்ந்துவிட்டது.

இளவரசர் கிளெப் அர்க்காதியெவிச் ஜாருக்கு ஒன்றுவிட்ட முறையில் அண்ணன். அறுபதைத் தாண்டியும் இளவரசர்தான், என்ன செய்ய, அதற்கு மேல் போக வழியில்லாமல் போய்விட்டது. எங்கள் ஆட்களின் கல்யாணம் எதுவானாலும் அவருக்கு அழைப்பு உண்டு. பெரிய மனிதர் ஒருவரை நடு நாற்காலியில் உட்கார வைத்தால்தான் எங்களுக்குக் கல்யாணம் கல்யாணமாகத் தெரியும். ஊரில் இருந்தபோது வியாபாரிகள் ரிட்டையரான ஜெனரலைத் தேடிப் பிடிப்பார்கள். இங்கே டாக்சி ஓட்டுகிறவன் வீட்டுக் கல்யாணத்துக்கே ஜார் குடும்பம் வருகிறது. சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் எங்களில் யாரும் சிரித்ததில்லை.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பெண் கோயிலுக்குக் கிளம்பும் முன் தகப்பன் மாதா படத்தை உயர்த்திப் பிடித்து அவளை ஆசீர்வதிக்க வேண்டும். எங்கள் பெண்களில் பாதிப் பேருக்குத் தகப்பன் இல்லை. சிலர் போரில் போனார்கள், சிலர் டைஃபாய்டில், சிலர் எங்கே போனார்கள் என்றே தெரியாது. அப்படிப்பட்ட பெண்ணுக்குத் தகப்பன் இடத்தில் உட்கார்ந்து ஆசீர்வதிக்கிறவரை ‘உட்காரும் அப்பா’ என்போம். கிளெப் அர்க்காதியெவிச் உட்காராத வீடு எங்கள் வட்டாரத்தில் இல்லை. தேய்ந்த கோட்டுதான், ஆனால் நன்றாகப் பிரஷ் போட்டிருப்பார். படத்தைப் பிடித்தால் கை நடுங்காது. அவர் ஆசீர்வதித்த பெண்கள் அழுதுகொண்டேதான் எழுவார்கள்.

அவரைக் கூட்டிப் போவதும் கொண்டுவந்து விடுவதும் என் டாக்சி. குதிரைப் படையில் கேப்டனாக இருந்தவன் நான். அவர் ஏன் எழ மாட்டேன் என்கிறார் என்று ஆரம்பத்தில் எனக்குப் புரியவில்லை. ஒரு நாள் காரில் வரும்போது அவரே சொன்னார். விருந்து வைத்தவர்கள் மனம் நோகக் கூடாதாம், எல்லோரும் கிளம்பட்டும், பிறகு போகலாம் என்று காத்திருக்கிறாராம், யாரும் கிளம்பவே மாட்டேன் என்கிறார்களாம். “உங்க ஆளுங்களுக்கு வீடு வாசல் கிடையாதா, கேப்டன்? எனக்கு இடுப்பு ஒடிஞ்சு போகுது” என்றார். தனக்காகத்தான் நாங்கள் காத்திருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். விருந்து முடிந்ததும் அவருடைய மேல்கோட்டோடு உள்ளே போய் “கார் ரெடி, பிரபு” என்பேன். அவர் எழுவார். அறை மொத்தமும் பெருமூச்சு விட்டு எழும்.

அவருடைய சொந்த மகள் தைசியா என் மனைவி கிளாவ்தியாவோடு தொப்பிக் கடையில் வேலை பார்த்தாள். தாய் இல்லாத பெண். கான்ஸ்டான்டிநோபிளில் காய்ச்சலில் தாய் போனபோது இவள் சின்னப் பெண். தொப்பிக்கு இறகு தைத்துத் தைத்து விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து. அப்பனைப் போலவே முதுகு வளையாது. ஒரே வித்தியாசம், இவளுக்கு வாய் உண்டு.

அவளுக்கு நிக்கிஃபோரைப் பிடித்திருந்தது. கார் ஃபாக்டரியில் பெயிண்ட் அடிக்கிற பையன், எங்கள் படையில் சார்ஜெண்டாக இருந்தவன். அப்பா விவசாயி. சும்மா சொல்லக் கூடாது, தங்கமான பையன். குடிப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் பாடத் தொடங்கும் அளவுக்குத்தான். கோயில் பாடகர் குழுவில் கீழ்க்குரல் அவனுடையதுதான்.

கிளெப் அர்க்காதியெவிச்சுக்கும் பையன்மேல் ஒரு குறையும் கிடையாது. நான் அவரோடு பேசியிருக்கிறேன், எனக்குத் தெரியும். ஆனால் ஜார் குடும்பத்தில் யார் யாரைக் கட்டுவதென்றாலும் குடும்பத் தலைவரின் சம்மதம் வேண்டும். இருக்கிற தலைவர் எங்கோ கடலோர ஊரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு இல்லாத நாட்டை ஆண்டுகொண்டிருந்தார். இளவரசர் அவருக்கு எழுதிக் கேட்டார். சமமில்லாத இடம், முடியாது என்று பதில் வந்தது. இளவரசர் மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தன்னால் ஆசீர்வதிக்க முடியாது, கோயிலுக்கும் வர முடியாது என்று சொல்லிவிட்டார். தடுக்கவில்லை, திட்டவில்லை. முடியாது, அவ்வளவுதான்.

நாற்பது நாள் நோன்பு நடக்கும்போது ஒரு சாயங்காலம் தைசியா எங்கள் வீட்டுக்கு வந்தாள். தேநீரைக் குடிக்காமல் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“ஸ்தெபான் மாமா, நீங்கதான் எனக்கு உட்காரும் அப்பாவா இருக்கணும்.”

கிளாவ்தியா கையிலிருந்த தட்டை வைத்துவிட்டாள். “என்னடி பேசுற? மனுஷன் உயிரோட இருக்காரு. உயிரோட இருக்கிற அப்பனுக்கு ஆள் மாத்தி வெப்பாங்களா எங்கயாவது?”

“அப்பா இல்லாத பொண்ணுங்க அத்தனை பேருக்கும் அப்பாவா போய் உக்காந்தாரு. எனக்கு மட்டும் முடியாதாம். அப்ப நானும் அப்பா இல்லாத பொண்ணுதானே, அத்தை?”

கிளாவ்தியா அவள் முன்னாலிருந்த ஆறிப்போன தேநீரைக் கொட்டிவிட்டு வேறு ஊற்றினாள். நான் சரியென்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் ராத்திரி படுத்த பிறகுதான் யோசித்தேன். பல வருஷமாக நான் மேல்கோட்டைப் பிடித்து நின்ற மனிதரின் நாற்காலியில் நானே போய் உட்கார வேண்டும். அதுவும் அவர் செத்துவிட்டார் என்று ஊருக்கே சொல்கிற மாதிரி.

மாதா படம் அவரிடம் இருந்தது, தைசியாவின் அம்மா கொண்டுவந்த படம். அதைக் கேட்டு வாங்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. அவர் அறை ஆறாவது மாடியில், கூரைக்கு அடியில். அந்தப் படிகளை அவர் முழங்கால் வலியோடு எப்படி ஏறி இறங்குகிறார் என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். உள்ளேயே மேல்கோட்டுப் போட்டுக்கொண்டு ஸ்பிரிட் அடுப்பில் கெண்டியை வைத்துக் காத்திருந்தார். கல்யாண வீடுகளில் அவர் சீக்கிரம் எழாததற்கு அந்த அறையின் குளிரும் ஒரு காரணம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கெண்டி கொதித்ததும் அடுப்பை அணைத்தார்.

“நல்ல ஆளாத்தான் பார்த்திருக்கா” என்றார் கடைசியில்.

எனக்குப் பொறுக்கவில்லை. பிரபு, ஒரு நாள், ஒரே ஒரு நாள் வந்து நின்றுவிட்டுப் போங்களேன், கடலோரத்தில் இருக்கிறவருக்கு யார் போய்ச் சொல்லப் போகிறார்கள் என்று கேட்டே விட்டேன். இவ்வளவு உரிமையாக அவரிடம் நான் பேசியதில்லை.

“இருபது வயசுல பைபிள் மேல கை வெச்சு சத்தியம் பண்ணேன், கேப்டன். குடும்பத் தலைவர் சொல்ல மீற மாட்டேன்னு” என்றார். குரல் உயரவில்லை. “வீட்ட எடுத்துக்கிட்டாங்க. நிலத்த எடுத்துக்கிட்டாங்க. தம்பிய சுட்டுட்டாங்க. இந்தச் சத்தியத்த மட்டும் யாரும் வந்து எடுக்கல. இப்ப நானே கொண்டுபோய்க் குடுத்துடணுமா?”

அது முட்டாள்தனம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. நானும் ஒரு ராணுவச் சட்டையைப் பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருக்கிறவன்தானே.

எழுந்து மூலையிலிருந்து படத்தை எடுத்தார். கறுத்துப்போன வெள்ளித் தகட்டுக்குள் மாதாவின் முகம் மட்டும் தெரியும். கோட்டுக் கையால் துடைத்துவிட்டு என்னிடம் கொடுத்தார். கொடுத்த பிறகும் விடவில்லை. “நல்லா ஒசத்திப் பிடிங்க. அவ உயரம். குனிஞ்சாலும் நெத்தியில இடிக்கும். மூணு தடவை சிலுவை போடணும், அவசரப்படாதீங்க, பொண்ணுங்க அழுதா நிறுத்திட்டு மறுபடி தொடங்குங்க” என்று சொல்லிக்கொடுத்தார். நான் தலையாட்டினேன். வாசல்வரை வந்தார். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறுதானே என்று கேட்டார். நோன்பு முடிந்து எங்கள் கல்யாணங்கள் எல்லாம் வந்து குவிகிற நாள் அது. அன்றைக்கு எந்த வீட்டுக்கு அவரைக் கூட்டிப்போக வேண்டும் என்று கேட்டேன்.

“எல்லா வீட்டுக்கும் வரலைன்னு சொல்லிட்டேன். அசதியா இருக்கு” என்றார்.

அந்த ஞாயிறு மழை தூறியது. எங்கள் வீடு நாலாவது மாடியில் இரண்டு அறை. பக்கத்து வீடுகளில் நாற்காலி கடன் வாங்கிப் போட்டும் போதாமல் கட்டிலிலும் பெட்டிகளிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் எங்கள் ஆட்கள்தான், பீரங்கி மேஜர், டாக்சிக்காரர்கள், தொப்பிக் கடைப் பெண்கள். தைசியா வெள்ளைப் பருத்தி உடுப்பில் இருந்தாள். கிளாவ்தியா தைத்தது. முகத்தை இறுக்கி வைத்திருந்தாள். நிக்கிஃபோர் கோயிலில் காத்திருந்தான். கோயில் என்றால் பழைய கார் ஷெட், அதற்குள் பலிபீடம் வைத்திருக்கிறோம். மாப்பிள்ளைத் தோழன் மழையில் நனைந்து ஓடி வந்து, இன்றைக்கு வரிசையாகக் கல்யாணம், நேரம் தவறினால் அடுத்த ஜோடியை உள்ளே விட்டுவிடுவேன் என்று பாதிரியார் கறாராகச் சொல்லிவிட்டார் என்றான். சீக்கிரம் ஆகட்டும் என்று கிளாவ்தியா என்னை நெட்டித் தள்ளினாள்.

படத்தைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் பீரங்கி மேஜர் என் காதோரம், “துண்டு எங்கேய்யா?” என்றார். மாதா படத்தை ஆசீர்வாதத்துக்குப் பிடிக்கும்போது வெறும் கையால் தொடக் கூடாது. பூவேலை செய்த துண்டு ஒன்றைக் குறுக்கே போட்டுத்தான் பிடிக்க வேண்டும். படத்தை வாங்கி வந்த நான் துண்டைக் கேட்கவில்லை. கிளாவ்தியா என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லி முடியாது. மேஜை விரிப்பை உருவலாமா என்று அவள் யோசிக்கும்போது கதவு தட்டப்பட்டது.

கையில் தடியோடு இளவரசர் நின்றிருந்தார். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மூச்சு வாங்கிப் பேச்சு வரவில்லை. கோட்டுக்குள்ளிருந்து மடித்த துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார். ஓரத்தில் சிவப்பு நூலில் சேவல்கள்.

“துண்ட மறந்துட்டீங்க, கேப்டன்” என்றார். “குடுத்துட்டுப் போயிடறேன்.”

அப்போது நாங்கள் செய்த காரியம் எங்களைத் தவிர வேறு யாரும் செய்யாதது. யோசித்துச் செய்யவில்லை, கை கால் தானாகச் செய்தது. அறை மொத்தமும் எழுந்து நின்றது. கிளாவ்தியா பாவாடையைப் பிடித்து முழங்கால் மடக்கி வணங்கினாள். யாரோ நடு நாற்காலியைத் துடைத்தார்கள். ஈரக் கோட்டைக் கழற்றினார்கள். அவர் வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆனால் நாலு மாடி ஏறி வந்த கால். உட்கார்ந்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். தைசியா மட்டும் வணங்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள், கழுத்துவரை சிவந்துபோய்.

அவர் பார்த்துக்கொண்டிருக்க நான் அவர் மகளை ஆசீர்வதித்தேன். துண்டு போட்டு, உயர்த்திப் பிடித்து, அவசரப்படாமல், அவர் சொல்லிக்கொடுத்தபடியே. என் கைதான் நடுங்கியது. தைசியா மண்டியிட்டாள், படத்தை முத்தமிட்டாள், அழவில்லை. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

அதோடு கிளம்பியிருந்தால் தொல்லையில்லை. ஆனால் கிளாவ்தியா வழக்கத்தை விட மாட்டாள். “கிளம்பறதுக்கு முன்னாடி உக்காருவோம்” என்றாள். வீட்டை விட்டு எந்தக் காரியத்துக்குக் கிளம்பினாலும் எல்லோரும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்புவோம். நாட்டை விட்டு வந்தபோதுகூட, பின்னால் துப்பாக்கிச் சத்தம் கேட்க, துறைமுகத்தில் மூட்டைகள் மேல் உட்கார்ந்து எழுந்துதான் கப்பலேறினோம். ஆகவே எல்லோரும் உட்கார்ந்தோம். தைசியாவுக்கு இருந்த ஒரே இடம் அவள் அப்பாவுக்குப் பக்கத்து ஸ்டூல். உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. மாப்பிள்ளைத் தோழன் என்னைப் பார்த்தான். மேஜர் என்னைப் பார்த்தார். முதலில் எழுந்து ‘ஆண்டவர் துணை’ என்று சொல்ல வேண்டியவர் பெண்ணின் தகப்பன். இன்றைக்குத் தகப்பன் நான். ஆனால் நடு நாற்காலியில் ஜார் குடும்பத்து மனிதர் உட்கார்ந்திருக்கிறார். அவர் எழாமல் நான் எழுந்தால், நீங்கள் இப்போது யாருமில்லை, ஐயா என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னதாகும். அவருக்கு மிச்சமிருப்பதே அது ஒன்றுதான். அவர் எழுந்தாலோ, போய் வா மகளே என்று விடை கொடுத்ததாகும். அதைத்தான் முடியாது என்று சத்தியம் அவரைக் கட்டிப் போட்டிருக்கிறது. வழக்கமாகச் சொல்கிற வார்த்தை என் வாயில்தான் இருந்தது. கார் ரெடி, பிரபு. எத்தனை கல்யாணத்தில் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு அது வர மாட்டேன் என்றது. சொன்னால் நான் அவர் சத்தியத்தை அவரிடமிருந்து பிடுங்கின மாதிரி ஆகும், போல்ஷெவிக்குகள்கூடச் செய்யாததை.

யாரும் அசையவில்லை. மழைச் சத்தம் கேட்டது. கீழே என் கார் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. குளிரில் நிறுத்தினால் கிளம்பாது என்று ஓடவிட்டு வந்திருந்தேன். கோயிலில் நிக்கிஃபோர் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பான், பாதிரியார் அடுத்த ஜோடியைப் பார்ப்பார். நான் தைசியாவைப் பார்த்தேன். எனக்கு அப்பா இல்லை என்று சொன்னவள் எழ வேண்டியதுதானே. அவள் கால் தரையில் ஊன்றித்தான் இருந்தது. ஆனால் அவள் எழவில்லை. தலையைக் குனிந்து கையுறை விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஒரு சொட்டு அந்தக் கையுறை மேல் விழுந்தது.

இளவரசர் அதைப் பார்த்தார்.

“கேப்டன்” என்றார், அறையில் யாருமே இல்லாத மாதிரி மெல்லிய குரலில். “கார் ரெடியா?”

“ரெடி, பிரபு” என்றேன்.

அவர் தடியை ஊன்றினார். எழப் பார்த்தார். நாலு மாடி ஏறிய முழங்கால் கேட்கவில்லை, பாதியில் மறுபடி நாற்காலியில் விழுந்தார். நான் ஓடிப் பிடித்திருக்க வேண்டும். ஆனால் என் இரண்டு கையிலும் மாதா இருந்தாள், துண்டோடு. மற்றவர்கள் அவர் எழாமல் எழ முடியாது. இரண்டாம் தடவையும் முயன்றார், தடி வழுக்கியது. அவர் வெறும் கையைக் காற்றில் நீட்டினார், யாரிடம் என்றில்லாமல்.

யார் முதலில் எழுந்தது என்று எங்கள் ஆட்கள் இன்றைக்கும் வாதாடுகிறார்கள். இளவரசர்தான் என்று மேஜர் சத்தியம் செய்வார். பெண்தான் என்பாள் கிளாவ்தியா. கடலோரத்திலிருந்து குடும்பத் தலைவரின் ஆள் வந்து என்னிடம்கூட விசாரித்துவிட்டுப் போனான். நான் பார்த்தது இவ்வளவுதான்: நரம்பு புடைத்த கையை வெள்ளைக் கையுறை இறுக்கிப் பிடித்திருந்தது, தடி தரையில் உருண்டுகொண்டிருந்தது, அப்பாவும் பெண்ணும் ஒருவரை ஒருவர் இழுத்தபடி இருக்கையை விட்டு ஒரு சாண் உயரத்தில் இருந்தார்கள்.